நாலாவது விசில்

குக்கர் மேல் வெயிட்டைப் போட்டாயிற்று. இனி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அடுப்பைப் பார்க்கக் கூடாது. இல்லை, அடுப்பைத்தான் பார்க்க வேண்டும், சுவரைப் பார்க்கிறவன் பாதி ஓடிவிட்டவன். மணி பதினொன்றரை. மருமகள் பூங்கோதை செக்கப்புக்குப் போயிருக்கிறாள், மகன் சுதாகர் கூடப் போயிருக்கிறான், ஒரு மணிக்குள் வந்துவிடுவார்கள். அதற்குள் மூன்று விசில். மூன்றே மூன்று. துவரம்பருப்புக்கு மூன்றுக்கு மேல் போகக் கூடாது, போனால் குழைந்துவிடும், சாம்பாரில் பருப்பு தெரியாது, இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். வீட்டில் நானும் இந்தக் குக்கரும்தான். மூன்று லிட்டர், ஒரு கைப்பிடி லேசாக ஆடுகிறது, கையில் எடுத்தால் பூனைக்குட்டி கனம்தான் இருக்கும். இருபத்தெட்டு வருஷம் காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸில் முன்னூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டவன் நான், மாசிலாமணி மாஸ்டர் வருகிறார் என்றால் அரட்டை அடித்துக்கொண்டிருக்கும் பையன்கள் தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள், அந்த மாசிலாமணி இந்தப் பூனைக்குட்டிக்கு முன்னால் சமையலறை வாசற்படியில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நிற்கிறேன். வெளியே இருக்கிற காலை உள்ளே எடுத்து வைக்க வேண்டும். வைக்கிறேன். கொஞ்சம் பொறு, வைக்கிறேன்.

வலது கை இழுக்கிறது. முழங்கையிலிருந்து தோள் வரைக்கும் தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கிறது, அடுப்பு எரிந்தாலே அதற்குத் தெரிந்துவிடும், எனக்கு முன்னால் அது பயப்பட ஆரம்பித்துவிடும். இரண்டு வருஷம் ஆகிறது மெஸ்ஸில் குக்கர் வெடித்து. அது இருபத்தைந்து லிட்டர். ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் பூங்கோதை பருப்பு வைத்தாள், முதல் விசிலுக்கே நான் கைலியோடு தெருவில் நின்றேன், எப்படிப் போனேன் என்று தெரியவில்லை, கையில் பல் தேய்க்கிற பிரஷ் இருந்தது. அன்றைக்கே அவள் குக்கரை மூட்டை கட்டிப் பரணில் போட்டாள். திறந்த பானையில் வேகவைத்துப் பார்த்தோம், இந்த ஹவுசிங் போர்டு போர் தண்ணீருக்குத் துவரம்பருப்பு ஒன்றரை மணி நேரம் கொதித்தாலும் முழித்துக்கொண்டு நிற்கும். அவள் எட்டரைக்கு வேலைக்குப் போக வேண்டியவள். பரணிலிருந்து குக்கரை எடுத்து, பருப்பும் தண்ணீரும் போட்டு மூடி, இரண்டாவது மாடி ரெஜினா வீட்டு அடுப்பில் வைத்து, ஆவி அடங்கியதும் துண்டில் சுற்றிக் கீழே கொண்டுவர ஆரம்பித்தாள். தினமும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ரெஜினாவிடம் சொன்னாள், என் காதில் விழுந்தது, எங்க மாமாவுக்குச் சத்தம் ஆகாதுக்கா என்று. சத்தம் ஆகாதாம். அதற்காக ஒன்றேமுக்கால் வருஷம் அவளிடம் நான் நேராக முகம் பார்த்துப் பேசவில்லை. நான் அப்படித்தான். எனக்குச் செய்தவர்களை நான் மறப்பதில்லை, எதையும் மறப்பதில்லை, கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்கு அப்பளம் போடாமல் போனவன் பெயர்கூட இன்னும் தெரியும்.

நீலமாக எரிகிறது. சத்தம் ஒன்றும் இல்லை இன்னும். உள்ளே தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கும். நேற்றைக்கு அவள் இறங்கி வருகிறபோது நான் கீழே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். ஏழு மாதம். வயிறு முன்னால், அதற்கு மேல் துண்டு சுற்றிய குக்கர், காலடி எங்கே என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. படி திரும்புகிற இடத்தில் குழாய் ஒழுகித் தண்ணீர் கிடக்கிறது, அதைச் சரிபண்ணச் சொல்லி எத்தனை தடவை, அந்த அசோசியேஷன்காரனையும் நான் மறக்க மாட்டேன், அதில் அவளுக்குக் கால் போயிற்று. போனது தெரிந்தது. ஒரு கையால் குக்கரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மறு முழங்கையைச் சுவரில் தேய்த்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு கீழே என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஒண்ணுமில்லை மாமா, பருப்பு சிந்தலை" என்றாள். பருப்பு சிந்தலை. ராத்திரி முழுக்க அதுதான் காதில். முழங்கையில் தோல் பெயர்ந்து ரத்தம் வருகிறது, வயிற்றில் பிள்ளை, அவள் எனக்குச் சொல்கிற ஆறுதல் பருப்பு சிந்தவில்லை என்று. நான் போய்த் தூக்கவாவது செய்திருக்கலாம். சுடச்சுட இருக்கிற குக்கர் அவள் கையில் இருந்தது, அதனால் போகவில்லை. இதுதான் உண்மை, வேறு காரணம் இல்லை. நாளைக்கும் ஏறுவாள், நாளை மறுநாளும் ஏறுவாள், இன்னும் இரண்டு மாதம் ஏறி இறங்குவாள், கேட்டால் பழகிவிட்டது என்பாள். அதனால்தான் இன்றைக்கு. வைத்துவிட்டேன். இந்தா, காலை உள்ளே வைத்துவிட்டேன், இரண்டு காலும் உள்ளே.

மூச்சு. நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. சர்க்கார் ஆஸ்பத்திரியில் மேகலா என்று ஒரு பெண், மனசுக்கு வைத்தியம் பார்க்கிற பிரிவில் இருக்கிறது, என் மகளாக இருந்தால்கூடச் சின்ன மகளாகத்தான் இருக்கும், அது சொல்லிக் கொடுத்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு எண்ணத் தெரியுமா என்று யோசிக்காமல் சொல்லிக் கொடுத்தது, அதனால் அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கண்ணுக்குத் தெரிகிறதில் அஞ்சு சொல்லுங்க ஐயா என்று ஒரு வித்தை. லைட்டர். காலண்டர். பூங்கோதையின் சத்து மாத்திரை அட்டை. மஞ்சள் டப்பா. அஞ்சாவது குக்கர், எப்போது எண்ணினாலும் அஞ்சாவதாக அது வந்து நின்றுகொள்கிறது. மனசுக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு நினைச்சுக்கோங்க, அங்கே போய் உக்காந்துக்கோங்க என்று இன்னொரு வித்தை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். விடிகாலை, மெஸ் அடுப்படி, பெரிய அண்டாவில் உலை கொதிக்கிற சத்தம், ஜன்னல் வழியாக வேப்பமரம். எனக்குப் பிடித்த இடம் அதுதான், வேறு இடம் எனக்குத் தெரியாது. அதைச் சொன்னதும் அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டது. பிறகு சொன்னது, "பயம் வந்தா விரட்டாதீங்க ஐயா. பஸ்ஸுல பக்கத்து சீட்ல உக்காந்த ஆள் மாதிரி இருந்துட்டுப் போகட்டும்." அவன் எறங்கலைன்னா என்று கேட்டேன். "அவங்கவங்க ஸ்டாப் வந்தா எறங்கித்தானே ஆகணும்." நீங்க மதுரை டவுன் பஸ்ஸுல போனதே இல்லை போலம்மா என்றேன். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் வீட்டுப்பாடம் கொடுத்தது. ஒரு வாரம் குக்கர் வெயிட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிய வேண்டும். திரிந்தேன். பூங்கோதை வீடெல்லாம் வெயிட்டைத் தேடினாள், ரெஜினா வீட்டு வெயிட்டை வாங்கிப் போட்டாள், நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன், அது என் நெஞ்சுக்கு மேல் கனத்துக்கொண்டு கிடந்தது. அடுத்த வாரம் மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி. அதற்கடுத்து, வெறும் தண்ணீர் வைத்து விசில் வரும்வரைக்கும் நிற்பது. இரண்டு தடவை வைத்தேன். ஒரு தடவை அடுப்பை அணைத்தேன். ஒரு தடவை தெருமுனை டீக்கடையில் நின்றேன்.

நாலு இழு. ஆறு விடு. ஆறு எண்ணுவதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன், எண்ணிக்கை தப்பாது. ஐயா சாமி பேர் சொல்லி எண்ணுறீங்களா என்று மேகலா கேட்டது, ஆமாம்மா என்றேன். சாமியா. ஒன்று, தனுஷ்கோடி, என் மச்சினன். அவன் மகள் காதுகுத்துக்குப் போனபோது பந்தியில் என் பின்னால் வந்து காதுக்குள் நாக்கை மடக்கி ஸ்ஸ்ஸ் என்று விசில் அடித்தான், நான் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன், சாம்பார் வேட்டியெல்லாம். "என்ன மாப்ளே, சமையக்காரன் விசிலுக்குப் பயந்தா மீன் தண்ணிக்குப் பயந்த மாதிரில்ல இருக்கு" என்றான், பந்தியே சிரித்தது. இரண்டு, வார்டன், ஓய்வெடுங்க மாஸ்டர் என்று சொல்லிவிட்டு அந்த வாரமே வேறு ஆள் போட்டவர். மூன்று, ரெஜினா, என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையைச் சாய்த்துப் பாவம் என்கிறவள். நாலு, அசோசியேஷன்காரன். அஞ்சு, கோட்டைச்சாமி, மெஸ்ஸில் என் கையாள், அவனுக்கு அஞ்சாவது இடம் பத்தாது, முதல் இடம் கொடுக்க வேண்டும், ஆனால் அவன் பெயரை மூச்சின் கடைசியில் சொன்னால்தான் நன்றாக வெளியே போகிறது. ஆறாவதாகப் பூங்கோதை இருந்தாள். நேற்று ராத்திரி அவளை எடுத்துவிட்டேன். ஆறாவது இடம் காலி. ஆறு பேர் இல்லாமல் மூச்சு அஞ்சில் முட்டி நிற்கிறது, யாரைப் போடுவது, அந்த அப்பளக்காரனைப் போடலாமா.

ஏன் இன்னும் விசில் வரவில்லை. மணி பதினொன்று நாற்பது. இந்நேரம் வந்திருக்க வேண்டும். மூடிக்கு அடியில் ஏதோ முனகுகிறது, வெயிட் அசையவில்லை. ஏன் அசையவில்லை. அன்றைக்கும் இப்படித்தான். இல்லை, அன்றைக்கு வேறு. அன்றைக்கு ஆண்டு விழா, எண்பது பேர் கூடுதல், நான்தான் பருப்பை அளவுக்கு மேல் அள்ளிப் போட்டேன், முக்கால் குக்கருக்கு மேல் நின்றது. மூடியில் இருக்கிற, ஆவி மிஞ்சினால் உருகி வழிவிடுகிற வால்வு முந்தின வாரமே உருகிப் போயிருந்தது, புதுசு வந்து சேரவில்லை, வால்வு இல்லாத ஓட்டையில் போல்ட்டும் வாசரும் போட்டு முறுக்கிவிடுவது மெஸ்காரர்கள் செய்கிறதுதான், கோட்டைச்சாமி முறுக்கினான். அவன் முறுக்கினான். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன், கோட்டைச்சாமி போல்ட் போட்டான், போட்டுவிட்டுப் பீடி குடிக்கப் போய்விட்டான், நான் பக்கத்தில் நின்றேன். அவன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தான், நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன், பழத்தை வைத்துவிட்டுப் போனான், நான் தொடவில்லை, பக்கத்துக் கட்டில்காரன் தின்றான். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது அன்றைக்கு. ரொம்ப நேரம். என்னடா சத்தத்தையே காணோம் என்று பார்க்கத்தான் குனிந்தேன். அப்புறம் தரையில் கிடந்தேன். கூரையில் பருப்பு ஒட்டியிருந்தது, மஞ்சளாக, சொட்டிக்கொண்டு.

சத்தத்தையே காணோம் என்று குனிந்தேன். சத்தத்தையே காணோம் என்று. இரு. இதை இன்னொரு தடவை. அன்றைக்கு விசில் அடிக்கவில்லை. ஒரு விசில்கூட அடிக்கவில்லை. பருப்பு நுரைத்து மேலே வந்து வெயிட் உட்காருகிற குழாயை அடைத்துக்கொண்டது, ஆவிக்குப் போக வழியில்லை, மேலே வழியில்லை, பக்கத்து ஓட்டையில் போல்ட், அதனால் அது மூடியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. விசில் அடித்திருந்தால் நான் இன்றைக்கும் அங்கே கரண்டி பிடித்துக்கொண்டு நிற்பேன். விசில் அடிக்காததுதான் வெடித்தது. இருபத்தெட்டு வருஷம் சமையக்காரனாக இருந்தவனுக்கு இது தெரியாதா. தெரியும். கைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை, கால்தான் தெருவுக்கு ஓடியது. இரண்டு வருஷமாக நான் தப்பான ஆளைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறேன். நான் பயந்தது விசிலுக்கே இல்லை, விசில் வருவதற்கு முன்னால் இருக்கிறதே, இதோ இப்போது இருக்கிறதே, இந்தச் சத்தமில்லாத நேரம், இதற்கு. குழாயை ஊதினேனா. ஊதினேன். மூடியைப் போடுவதற்கு முன்னால் மூன்று தடவை ஊதினேன், காற்று மறுபக்கம் என் உள்ளங்கையில் பட்டது. பருப்பு எவ்வளவு. ஒரு டம்ளர். தண்ணீர் பாதிக்குக் கீழே. நுரை பொங்காமல் இருக்க ஒரு சொட்டு எண்ணெய், போட்டேன். வால்வு புது வால்வு, சுதாகர் மாட்டியது, நானும் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். ஆக எல்லாம் சரி. சரியென்றால் அடி. அடிடா. உன்னைத்தான், அடி. வெயிட் லேசாகத் தலையை ஆட்டுகிறது. ஆட்டுகிறது. ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர்த் துளி ஒன்று வழிந்து மூடியில் பட்டுச் சுர் என்கிறது. தோள் இழுக்கிறது, காதுக்குள் அடைக்கிறது, கால் திரும்பப் பார்க்கிறது, திரும்பாதே, கதவுநிலையைப் பிடி, நாலு இழு, தனுஷ்கோடி, வார்டன், ரெஜினா

அடித்துவிட்டது. அடித்துவிட்டது! சுவரெல்லாம் சத்தம். நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியவில்லை, கதவுநிலையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன், ஆனால் நிற்கிறேன், வேட்டி அவிழவில்லை, கால் இரண்டும் உள்ளே. சமையலறைக்குள் பருப்பு வாசனை. வெந்துகொண்டிருக்கிற பருப்பும் மஞ்சளும் கலந்த வாசனை. இதை நான் இரண்டு வருஷமாக ரெஜினா வீட்டிலிருந்து ஆறிப்போய்த்தான் முகர்ந்திருக்கிறேன். மேலே ஜன்னல் திறக்கிற சத்தம். "பூங்கோதை! வந்துட்டியாடி?" ரெஜினா. "ஏய், உங்க வீட்டுலயா குக்கர் சத்தம்?" ஜன்னலுக்குப் போய்த் தலையை வெளியே நீட்டி அண்ணாந்து பார்த்தேன், அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அது எனக்கே அப்புறம்தான் உறைத்தது, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எங்க வீட்டுலதான் என்றேன். "யாரு வச்சது?" நாந்தேன். அவள் தலையைச் சாய்த்தாள், பாவம் என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். "அண்ணே, நான் வேணா கீழ வரட்டா?" எதுக்கு, பருப்பு வேகறத வேடிக்கை பாக்கவா என்றேன். "அதுக்கில்லண்ணே" என்று இழுத்தாள். அதற்கப்புறம் அவள் சொன்னது கேட்கவில்லை. இரண்டாவது விசில் வந்து அவள் பேச்சை விழுங்கிவிட்டது. தோள் துள்ளியது, கண் தானாக மூடியது, திறந்தேன், அவ்வளவுதான். ஜன்னலை விட்டு வந்தேன். ஓடி வரவில்லை, நடந்து வந்தேன்.

அடுப்புக்குப் பக்கத்தில் போனேன். ஒரு முழம் தூரம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சத்தமில்லாத நேரத்தில் நின்றேன், நிற்பதற்கென்றே நின்றேன். பக்கத்து சீட்டில் அவன் இருக்கிறான், இறங்கவில்லை, ஆனால் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறான், எனக்கு உட்கார இடம் இருக்கிறது. இந்த இடத்தில்தான் அந்தச் சொல் வந்தது. எத்தனை நாளாகத் தொண்டையில் இருந்ததோ. கோட்டைச்சாமி போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டான். அவன் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டான், பெருங்காயம் போடக்கூடக் கேட்பான். "அண்ணே, வால்வு ஓட்டையில போல்ட் போட்டு முறுக்கிடட்டா, இன்னைக்கு ஒரு நாளைக்கு?" நான் வெங்காயம் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. போடு என்றேன். நான்தான் சொன்னேன். போடு. இரண்டு வருஷமாக எல்லோரிடமும் அவன் போட்டான் என்று சொன்னேன், அது பொய் இல்லை, போட்டவன் அவன்தான், ஆனால் சொன்னவன் நான். அவன் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனான். சரி. ஆறாவது இடத்துக்கு ஆள் கிடைத்துவிட்டான். ஆறு, மாசிலாமணி. சொல்லிப் பார்த்தேன், மூச்சு முட்டாமல் கடைசி வரைக்கும் போயிற்று. ஆனால் பீடி குடிக்கப் போனவன் அவன்தானே. அதை நான் விட முடியாது. ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போவேன், போடு என்று சொன்னது நான்தான் என்று அவன் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் சொல்வேன், சொல்லி முடித்ததும் அந்தப் பீடியைப் பற்றியும் கேட்பேன்.

மூன்று. அடித்தது. துள்ளவில்லை. ஏதோ கொஞ்சம், இமை மட்டும். போதும், அணைக்க வேண்டும், பருப்புக்கு மூன்றுதான். கை குமிழுக்குப் போயிற்று, வலது கை, சுருங்கின கை, தானாகவே போயிற்று. போன கை நின்றுவிட்டது. வேட்டியெல்லாம் சாம்பாரோடு நான் எழுந்து நின்றதும் பந்தியே சிரித்ததும் ஞாபகம் வந்தது. மீன் தண்ணிக்குப் பயந்த மாதிரி. நான் குமிழைத் தொட்டுக்கொண்டே நின்றேன், திருகவில்லை. நீலத் தீ எரிந்தது. வெயிட் தலையை ஆட்டியது. வா, என்றேன். இது உனக்கு, தனுஷ்கோடி. குனிந்தேன். அன்றைக்குக் குனிந்த மாதிரியே, காதை மூடாமல், முகத்தைத் திருப்பாமல். நாலாவது விசில் வந்தது. ஆவி கூரை வரைக்கும் போய் விரிந்தது, கூரையில் ஒன்றும் ஒட்டவில்லை, வெள்ளையாக இருந்தது, நான் நாக்கை மடக்கி அதோடு சேர்ந்து ஸ்ஸ்ஸ் என்று அடித்தேன், மேலே ரெஜினா வீட்டு ஜன்னல் மறுபடி திறந்தது, திறக்கட்டும், அறுபத்தாறு வயசுக் கிழவன் குக்கரோடு சேர்ந்து விசில் அடிக்கிறான் என்று ஹவுசிங் போர்டு முழுக்கச் சொல்லட்டும். அப்புறம்தான் அணைத்தேன்.

ஆவி அடங்கிவிட்டது. ரசத்துக்குப் புளி ஊறப் போட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. பூங்கோதை முழங்கையில் பிளாஸ்திரியோடு உள்ளே வந்தாள், வந்ததும் மூக்கை உறிஞ்சினாள். பின்னால் சுதாகர் ரிப்போர்ட் பையோடு. "ரெஜினாக்கா கொண்டுவந்து குடுத்தாங்களா மாமா?" என்றாள். ஏன், எனக்குச் சமைக்கத் தெரியாதா என்றேன், நேராக முகத்தைப் பார்த்து. அவள் என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், மூடி மேல் இருக்கிற வெயிட்டைப் பார்த்தாள். சுதாகர் ஏதோ கேட்க வந்தான், அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். வந்து மூடியைத் திறந்து கரண்டியை விட்டுக் கிளறினாள், கிளறிக்கொண்டே இருந்தாள், தேவைக்கு மேல் கிளறினாள், கண்ணைத் துடைக்க அந்தப் பிளாஸ்திரி போட்ட கையைத்தான் தூக்கினாள்.

"எத்தனை விசில் விட்டீங்க மாமா?"

"நாலு."

"நாலா? பருப்பு குழைஞ்சு போச்சே."

"குழையட்டும்" என்றேன்.